கண்டம் ஆன ரயில் பெட்டிய என்னங்க பண்றது? (வாசகர் கேள்வி பதில்)

போன மாசம் இந்தப் பக்கத்துல, அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும் துருப்பிடிச்சு கண்டம் ஆன (இனிமே ஓட லாயக்கில்லன்னு ஒதுக்கின) பழைய பயணிகள் பெட்டிங்கள தேடிப்பிடிச்சு ரிப்பேர் பண்ற ஆளுங்கள பத்தி நாலு வரி எழுதியிருந்தேன். அதுக்கு இவ்வளவு கடுதாசி வரும்னு நினைக்கல. அதனால இந்தத் தடவை சமையல் சந்தேகம், வீட்டு லோன், மாமியார் பஞ்சாயத்து எல்லாம் லீவு. ஃபுல்லா ரயில்தான்.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு வாசகி): பொண்ணு வீட்டுக்குப் போனப்போ வாஷிங்டன்ல ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று மியூசியம் கூட்டிட்டுப் போனாங்க. தரைக்குக் கீழ ஒரு முழு ரயில் பெட்டி நிக்குது. அத எந்த வாசல் வழியா சார் உள்ள கொண்டு போயிருப்பாங்க?

எந்த வாசல் வழியாவும் இல்லம்மா. பெட்டிதான் முதல்ல வந்துச்சு, கட்டடம் அப்புறம் வந்துச்சு. 2013 நவம்பர்ல அங்க வெறும் பள்ளம்தான் இருந்துச்சு, அதுக்குள்ள 70 டன்னுக்கு மேல இருக்கற அந்தப் பெட்டிய கிரேன் வச்சு இறக்கி, நல்லா மூடி பாதுகாப்பு பண்ணிட்டு, அத சுத்தி மேல மேல கட்டடத்த எழுப்பினாங்க. மியூசியம் திறந்தது 2016 செப்டம்பர் 24. இனிமே அந்தப் பெட்டிய வெளிய எடுக்கணும்னா கட்டடத்த இடிக்கணும், அவ்வளவுதான்.

அது அமெரிக்காவுல சதர்ன் ரயில்வேங்கற கம்பெனியோட (நம்ம ஊர் சதர்ன் ரயில்வே இல்ல) 1200ஆம் நம்பர் பெட்டி. புல்மேன்ங்கற அந்த ஊர் ரயில் பெட்டி கம்பெனி செஞ்சது. செஞ்சப்போ அது சாதாரண உக்கார்ற பெட்டி, 1940ல தான் உள்ள குறுக்க ஒரு தடுப்பு வச்சு வெள்ளக்காரங்களுக்கு ஒரு பாதி கறுப்பின மக்களுக்கு ஒரு பாதின்னு மாத்திக் கட்டினாங்க. நீங்க உள்ள நடந்து போயிருந்தா பாத்திருப்பீங்க, வெள்ளக்காரங்க பக்கம் டாய்லெட்டு பெருசு, கூடவே உக்கார இடம், தலைக்கு மேல சாமான் வைக்க ராக்கு. அந்தப் பக்கம் டாய்லெட்டு சின்னது, ராக்கு கிடையாது, பெட்டி படுக்கைய கால்மாட்டுல இடுக்கிட்டு தான் உக்காரணும். டிக்கெட் காசுல மட்டும் குறைச்சல் கிடையாது!

இதுல ரிப்பேர் பண்றவங்க பாயிண்ட் ஒண்ணு இருக்கு, அதுக்காகத்தான் இந்தக் கேள்விய முதல்ல எடுத்தேன். பழைய பெட்டிய சரி பண்ணணும்னு ஆரம்பிச்சா முதல் சண்டையே எந்த வருஷத்துக்கு கொண்டு போறதுங்கறது தான். தொழிற்சாலைய விட்டு வந்த அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்கணும்னு நிறைய பேருக்கு ஆசை இருக்கும், பின்னாடி யாரோ வச்ச பலகை, தடுப்பு எல்லாம் அவங்க கண்ணுக்கு குப்பை. 1200க்கு அப்படி பண்ணியிருந்தா அந்தத் தடுப்பத் தான் முதல்ல கழட்டியிருக்கணும். பெட்டி பாக்க நல்லா இருந்திருக்கும், ஆனா அத எதுக்காக மியூசியத்துல வைக்கறோம்ங்கற விஷயமே போயிருக்கும். ஒரு சின்ன ரயில் கம்பெனி நடத்தறவர் இனாமா குடுத்த பெட்டி அது, கென்டக்கி மாநிலத்துல வச்சு வேலை பாத்தாங்க, தடுப்பு இருந்த காலத்துக்கே கொண்டு வந்தாங்க. ரொம்ப சரியான முடிவுன்னு நான் சொல்வேன்.

ரயில் பெட்டிய அங்க வச்சதுக்கு இன்னொரு நியாயமும் இருக்கு. அமெரிக்காவுல இந்தப் பாகுபாட்ட கோர்ட்டே ஓகேன்னு சொன்ன கேஸு ஒரு ரயில் பெட்டியில இருந்து தான் கிளம்புச்சு. 1892ல நியூ ஆர்லியன்ஸ்ல கறுப்பினத்தவர்னு கணக்குல இருந்த ஹோமர் பிளெஸ்ஸிங்கறவர் வேணும்னே போய் வெள்ளக்காரங்க பெட்டியில உக்காந்து அரெஸ்ட் ஆனார், 1896ல சுப்ரீம் கோர்ட்டு ஏழுக்கு ஒண்ணுன்னு அவருக்கு எதிரா தீர்ப்பு சொல்லிடுச்சு, "தனித்தனியா இருக்கலாம், சமமா இருந்தா போதும்"ங்கற வாதம் அதுக்கப்புறம் அம்பது வருஷத்துக்கு மேல ஓடுச்சு. அப்புறம் 1942ல எல்மர் ஹெண்டர்சன்ங்கற கறுப்பினத்தவர் இதே சதர்ன் ரயில்வேயில போனப்போ டைனிங் பெட்டியில சாப்பாடு தராம இழுத்தடிச்சாங்க, அவர் கேஸ் போட்டு 1950ல ஜெயிச்சார். 1956 ஜனவரியில மாநிலம் விட்டு மாநிலம் போற ரயில்ல பிரிச்சு உக்கார வைக்கறதுக்கு தடை வந்துச்சு. பிளெஸ்ஸிக்கு லூசியானா கவர்னர் மன்னிப்பு குடுத்தது எப்போ தெரியுமா, 2022ல! மனுசன் செத்து நூறு வருஷத்துக்கும் கிட்ட ஆச்சு.

கேள்வி (கும்பகோணம் வாசகர்): இரும்புப் பெட்டி சரி. முழுக்க மரத்துல செஞ்ச பெட்டி எல்லாம் இப்போ மிச்சம் இருக்கா? கரையான் தின்னிருக்காதா?

மிச்சம் இருக்கு சார், ஆனா ரயில்வேக்காரங்க காப்பாத்தி இல்ல. வேண்டாம்னு தூக்கிப் போட்ட பெட்டிய யாரோ ஒருத்தர் வாங்கிட்டுப் போய் கோழிக் கூடாவோ, கடையாவோ, லீவுக்குப் போய் தங்கற குடிசையாவோ வச்சுக்கிட்டதால மிச்சம் இருக்கு. மேல ஒரு தகரம் போட்டு, ஓட்டைய அடைச்சு, மழ தண்ணி உள்ள வராம பாத்துக்கிட்டவங்க வீட்டுப் பெட்டி பொழச்சுது. ரயில்வே யார்டுல வரிசையா நிறுத்தி வச்ச பெட்டி எல்லாம் மக்கிப் போச்சு, இல்லேன்னா கொளுத்திட்டு அடியில இருக்கற இரும்ப எடைக்குப் போட்டாங்க.

எனக்கு ரொம்ப பிடிச்ச கேஸு லண்டன் மெட்ரோபாலிட்டன் ரயில்வேயோட 353. 1892ல கிரேவன்ஸ் கம்பெனி செஞ்ச முதல் வகுப்பு மரப்பெட்டி. உலகத்துலயே முதல் சுரங்க ரயில் ஓடின கம்பெனி இல்லையா அது, 1863 ஜனவரியில ஆரம்பிச்சது. லண்டன்ல வேலை முடிஞ்சதும் சாமர்செட் பக்கம் ஒரு குட்டி லைனுக்கு வித்துட்டாங்க, அந்த லைனும் 1940ல மூடிட்டாங்க. அதுக்கப்புறம் இந்தப் பெட்டி ஒரு ஊர்ல தையல் கடையா இருந்திருக்கு சார், முதல் வகுப்புப் பெட்டிக்குள்ள உக்காந்து ஒரு டெய்லர் பேண்ட்டு தைச்சிருக்கார்! அப்புறம் பழைய சாமான் விக்கற கடை, அப்புறம் தோட்டத்து சாமான் போட்டு வைக்கற ரூம். 1974ல லண்டன் போக்குவரத்து மியூசியம் வாங்கி பத்திரமா வச்சாங்க, கையில காசு சேர்ந்து வேலை ஆரம்பிக்க 2011 ஆச்சு. லாட்டரி பணத்துல இருந்து பழம்பொருள் காக்கறதுக்கு அங்க ஒரு நிதி இருக்கு, அதுல நாலு லட்சம் பவுண்டுக்கு மேல கிடைச்சுது. வேல்ஸ்ல ஃபெஸ்டினியாக் ரயில்வேயோட பாஸ்டன் லாட்ஜ் பட்டறைக்கு அனுப்பினாங்க. கடையா இருந்த பெட்டிக்கு சக்கரம் ஏது, அடிச் சட்டம் ஏது, எல்லாம் ஏற்பாடு பண்ண வேண்டியதாப் போச்சு. 2013 ஜனவரியில சுரங்க ரயிலோட 150ஆவது பிறந்த நாளுக்கு நீராவி இன்ஜின் இழுக்க நிஜமான சுரங்கப் பாதையிலயே ஜனங்கள ஏத்திட்டு ஓடுச்சு.

மரப்பெட்டியில கை வச்சா என்னென்ன வேலைன்னு கேட்டீங்கன்னா, முதல்ல கூரை. அந்தக் கால கூரை மரப்பலகை மேல கேன்வாஸ் துணி, துணிக்கு அடியில வெள்ளை ஈயம் கலந்த குழம்பு பூசி ஒட்டி மேல பெயிண்ட் மேல பெயிண்ட்டா அடிப்பாங்க. துணி ஒரு இடத்துல கிழிஞ்சா போதும், தண்ணி உள்ள இறங்கி மூலையில இருக்கற தூண் கட்டையோட அடிப்பக்கத்த தின்ன ஆரம்பிச்சுடும், வெளிய வார்னிஷ் பளபளன்னு இருக்கும் உள்ள கத்திய விட்டா கைப்பிடி வரைக்கும் போகும். அடுத்து தொய்வு. அமெரிக்க மரப்பெட்டிக்கு அடியில நீளமா இரும்புக் கம்பிங்க ஓடும், நடுவுல முறுக்கி இறுக்கற நட்டு இருக்கும், பெட்டி நடுவுல தொங்கிடாம இழுத்துப் பிடிக்கறது அது தான். வருஷக்கணக்கா யாரும் தொடலேன்னா பெட்டி நடுவுல தொய்ஞ்சு ரெண்டு கடைசியும் தூக்கிக்கும், கதவு ஜன்னல் எதுவும் சாத்தாது. அத நேராக்கறேன்னு ஒரே நாள்ல இறுக்கினா மரம் பொளந்துடும். ஜாக்கி வச்சு தாங்கிட்டு கொஞ்சம் இறுக்கி விட்டுட்டு, மரம் ஒத்துக்கிட்டதும் மறுபடியும் கொஞ்சம் இறுக்கணும். பொறுமை இல்லாதவங்க இந்த லைனுக்கே வரக்கூடாது.

மரப்பெட்டிங்கள வரிசையா பாக்கணும்னா விஸ்கான்சின் மாநிலத்துல நார்த் ஃப்ரீடம்ங்கற ஊர்ல மிட்-கான்டினென்ட் ரயில்வே மியூசியம் இருக்கு, அவங்களுக்கு பேரே இந்த மர வேலையில தான். கரையான் பத்தி கேட்டீங்களே, அந்தக் குளிர் ஊர்ல கரையான விட மழையும் பனியும் தான் வில்லன்.

கேள்வி (பெரம்பூர், ரிட்டயர்டு கேரேஜ் ஒர்க்ஸ் ஊழியர்): எங்க காலத்துல ஐ.சி.எஃப் (சென்னை ரயில் பெட்டி ஃபேக்டரி) பெட்டி வந்துச்சுன்னா முதல்ல டாய்லெட்டுக்கு அடியில தான் தட்டிப் பாப்போம், அங்க தான் அரிச்சிருக்கும். அமெரிக்கப் பெட்டியும் அப்படித்தானா?

ஐயா, துருவுக்கு நாடு ஏது. டாய்லெட் அடி, வாசப்படி பக்கம், ஜன்னலுக்குக் கீழ, அங்கயும் இதே இடங்க தான். ஜன்னல் ரப்பர் காய்ஞ்சு போச்சுன்னா தண்ணி சுவருக்குள்ள வழிஞ்சு இறங்கி அடிச் சட்டத்து மேல தேங்கும், உள்ள குளிர் தாங்க வச்சிருக்கற பஞ்சு அந்த ஈரத்த பிடிச்சு வச்சுக்கும். வெளிய பெயிண்ட் லேசா கொப்பளிச்சிருக்கேன்னு தட்டினா சுத்தியல் உள்ள போயிடும், உங்களுக்கு நான் சொல்லணுமா. அந்தப் பஞ்சுல நிறைய பெட்டிங்கள்ல ஆஸ்பெஸ்டாஸ் வேற, பழைய பெயிண்ட்ல ஈயம். ஆஸ்பெஸ்டாஸ எடுக்க அங்க லைசன்ஸ் உள்ள ஆளுங்கள தான் கூப்பிடணும், காசுல ஒரு பெரிய பங்கு யார் கண்ணுக்கும் தெரியாத இந்த வேலைக்கே போயிடும்.

ஆனா அமெரிக்காவுல ஒரு ஸ்பெஷல் தகராறு இருக்கு. 1934ல பட்ங்கற ஃபிலடெல்ஃபியா கம்பெனி முழு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல 'செஃபிர்'னு ஒரு ரயில் செஞ்சு அசத்துச்சு, டென்வர்ல இருந்து சிகாகோவுக்கு 13 மணி 5 நிமிஷத்துல வந்து நின்னுச்சு. அத பாத்துட்டு எல்லா ரயில்வேயும் எனக்கும் அந்தப் பளபளப்பு வேணும்னு கேக்க, போட்டிக் கம்பெனி புல்மேன்-ஸ்டாண்டர்டு என்ன பண்ணுச்சுன்னா நிறைய பெட்டிங்களுக்கு ஸ்டெயின்லெஸ் இல்லாத எஃகுல கூடு கட்டி அதுக்கு மேல ஸ்டெயின்லெஸ் தகட்ட போர்த்திக் குடுத்துச்சு. ரெண்டுக்கும் நடுவுல தண்ணி போய் மாட்டிக்கிச்சுன்னா? வெளிய வெள்ளித் தட்டு மாதிரி மின்னும், உள்ள எஃகு பொரிஞ்சு போயிருக்கும். தாங்க முடியாம சில ரயில்வேங்க அந்தத் தகட்டையே பிச்சு எறிஞ்சுட்டாங்க. பட் கம்பெனி செஞ்ச பெட்டிக்கு உள்ள இருக்கற கூடும் ஸ்டெயின்லெஸ், அதனால 1950கள் நடுவுல செஞ்ச பட் பெட்டிங்க இன்னிக்கும் கனடாவுல டொரான்டோ-வான்கூவர் ரயில்ல ஓடுது. பழைய பெட்டி வாங்கப் போற அமெரிக்கக்காரங்க முதல்ல கேக்கற கேள்வி யார் செஞ்சதுங்கறது தான், காரணம் இது.

கேள்வி (கோவை, கல்லூரி மாணவர்): 100 வருஷம் பழைய பெட்டியோட ஒரிஜினல் கலர எப்படி கண்டுபிடிப்பாங்க? பழைய போட்டோ எல்லாம் கறுப்பு வெள்ளை தானே?

நல்ல கேள்வி தம்பி. வெயிலும் கையும் படாத இடமா தேடுவாங்க, ஒரு பித்தளைத் தகட்டுக்கு அடியில, ராக்கு மாட்டின இடத்துக்குப் பின்னாடி அந்த மாதிரி. அங்க ஒரு ரூபாய் அளவுக்கு மணல் பேப்பர் வச்சு மெதுவா சரிவாத் தேய்ச்சா, ஒவ்வொரு தடவை அடிச்ச பெயிண்ட்டும் வளையம் வளையமாத் தெரியும், கடைசி உள் வளையம் தான் முதல் கலர். சில சமயம் தேய்க்கத் தேய்க்க பழைய நம்பர், தங்க எழுத்து எல்லாம் எட்டிப் பாக்கும். அப்புறம் காகிதம். புல்மேன் கம்பெனியோட வரைபடங்க இல்லினாய் ரயில்வே மியூசியத்துல ஒரு லைப்ரரியாவே இருக்கு, கம்பெனி கணக்கு வழக்கு பேப்பர் எல்லாம் சிகாகோ நியூபெரி லைப்ரரியில. திருகாணி எங்க வரணும்னு கூட பாத்துக்கலாம். நீ இன்ஜினியரிங்கா? அப்போ வரைபடம் படிக்கக் கத்துக்கோ, இந்த வேலையில அதுக்கு ஆள் பஞ்சம்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): அமெரிக்க ஜனாதிபதிக்கு இப்போ ஏரோப்ளேன் இருக்கு. அப்போ ரயில் பெட்டி இருந்துச்சாமே, அது எங்க?

மயாமியில கோல்டு கோஸ்ட் ரயில்ரோடு மியூசியத்துல இருக்கு. பேரு ஃபெர்டினாண்ட் மெகல்லன். புல்மேன் 1920கள் கடைசியில செஞ்ச பணக்காரப் பெட்டி, 1942ல ரூஸ்வெல்ட்டுக்காக குண்டு துளைக்காத மாதிரி மாத்தினாங்க. சுத்தி அரை இஞ்சுக்கு மேல எஃகுத் தகடு, ஜன்னல்ல மூணு இஞ்சு கண்ணாடி, 80 டன் சொச்சம் இருந்த பெட்டி 142 டன் ஆயிடுச்சு. 1948 தேர்தல்ல ட்ரூமன் இதுல தான் ஊர் ஊராப் போய் பின் பக்க மேடையில நின்னு பேசினார். அவர் தோத்துட்டார்னு தப்பா அச்சடிச்ச பேப்பர தூக்கிக் காட்டி சிரிக்கற போட்டோ பாத்திருப்பீங்க, அதுவும் செயின்ட் லூயிஸ் ஸ்டேஷன்ல இதே மேடையில எடுத்தது தான். வேலை முடிஞ்சு 1950கள் கடைசியில மியூசியத்துக்குப் போச்சு, 1984ல ரீகன் பிரச்சாரத்துக்கு ஒரு நாள் ஒஹையோவுல இதுல போனார், 1985ல தேசிய நினைவுச் சின்னம்.

1992ல ஆண்ட்ரூ புயல் அந்த மியூசியத்த அடிச்சு நொறுக்கிடுச்சு. மூணு இஞ்சு கண்ணாடிய விட்டுடுங்க, உப்புக் காத்து அடிக்கற ஊர்ல எந்தப் பெட்டிக்கும் தேவை நல்ல கொட்டகை. பெட்டிய ரிப்பேர் பண்ண காசு குடுக்க ஆள் வருவாங்க, பேரு போடலாம், திறப்பு விழா வைக்கலாம். கொட்டகை கட்ட காசு கேட்டுப் பாருங்க, ஒருத்தரும் போன் எடுக்க மாட்டாங்க!

கேள்வி (சேலம் வாசகி): நம்ம ரயில்வே பழைய பெட்டிய எல்லாம் ஓட்டலா மாத்துதே, உள்ள சீட்டெல்லாம் பிடுங்கிட்டு ஏ.சி. போட்டு... பாக்க வயிறு எரியுது. இது அழிவு தானே?

எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணும், ஆனா தையல் கடையா இருந்த அந்த லண்டன் பெட்டிய நினைச்சுப் பாருங்க. ஓட்டல்காரர் கூரை ஒழுக விடமாட்டார், பெயிண்ட் அடிப்பார், எலி வராம பாத்துப்பார். ஆயிரக்கணக்குல செஞ்ச சாதாரண பெட்டிய ஓட்டல் ஆக்கினா தாராளமா ஆக்கட்டும், எடைக்குப் போறத விட மேல். ஒண்ணே ஒண்ணு தான் மிச்சம்ங்கற பெட்டியில போய் துளை போட்டா மட்டும் கத்தணும். கழட்டின சீட்டு, ராக்கு, நம்பர் பலகைய எறியாம ஒரு மூலையில கட்டி வச்சா இன்னும் நல்லது, ஆனா அத யாரும் பண்றதில்ல, சொல்லி சொல்லி வாய் வலிக்குது.

கேள்வி (திண்டுக்கல், பேர் வேண்டாம்): நாங்க நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து கண்டம் ஆன பெட்டி ஒண்ண வாங்கி எங்க தோட்டத்துல வச்சு பழைய மாதிரி ஆக்கலாம்னு இருக்கோம். வீட்டுல திட்டறாங்க. நடக்குமா?

திட்டறதுல நியாயம் இருக்கு. ரயில்வே பழசை எல்லாம் ஏலத்துல தான் விக்கும், எடைக் கணக்குல இரும்பு வியாபாரிங்களோட போட்டி போட்டு எடுக்கணும். எடுத்துட்டீங்கன்னு வைங்க, இனிமே தான் செலவு. ரெண்டு கிரேன், நீளமான ட்ரெய்லர், வழியில கரண்டு கம்பி தூக்க ஆள், பாலத்துக்கு பெர்மிஷன், அமெரிக்காவுலயே பெட்டி விலைய விட அத நகத்தற செலவு அதிகம்னு புலம்பறாங்க. தோட்டத்துல மண்ணு மேல அப்படியே வைக்காதீங்க. ஜல்லி கொட்டி தண்டவாளம் போட்டு சக்கரத்தோட நிறுத்துங்க, அடியில காத்து ஓடணும், தண்ணி நிக்கக் கூடாது.

ஓட்டற ஆசை எல்லாம் இப்பவே விட்டுடுங்க. அமெரிக்காவுல சொந்தப் பெட்டி வச்சிருக்கறவங்க ஆம்ட்ராக் (அந்த நாட்டு பயணிகள் ரயில் கம்பெனி) ரயில் பின்னாடி மாட்டி ஊர் சுத்தறாங்க, ஆனா அதுக்கு பிரேக்கு, மின்சாரம், சக்கரம் எல்லாம் இன்னிக்கு விதிப்படி மாத்தி, இன்ஸ்பெக்‌ஷன் மேல இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் பண்ணணும், நம்ம ஊர்ல உங்களுக்கு அந்த வழி கிடையாது. நிக்கற பெட்டியா வச்சுக்கறதா இருந்தா பண்ணுங்க.

வந்து இறங்கின அன்னிக்கே பெயிண்ட் டப்பாவ திறக்காதீங்க. அன்னிக்கு வாங்க வேண்டியது நல்ல கனமான தார்பாலின். அத கூரைக்கு மேல ஒட்டிப் போர்த்தாம, ஒரு அடி இடைவெளி விட்டு பந்தல் மாதிரி கட்டுங்க, இல்லேன்னா அடியில வேர்த்து அதுவே துரு பிடிக்கும். அப்புறம் ஒவ்வொரு திருகாணி கழட்டறதுக்கு முன்னாடியும் போட்டோ, கழட்டினத பையில போட்டு எங்க இருந்து எடுத்ததுன்னு எழுதி வைங்க, நாலு பேர்ல ஒருத்தர் ரெண்டு வருஷத்துல துபாய் போயிடுவார், எல்லாம் அவர் தலைக்குள்ள இருந்தா வேலை அங்கயே நின்னுடும். பந்தல் செலவு முதல்ல, நிரந்தரமா ஒரு தகரக் கொட்டகைக்கு காசு ரெண்டாவது, அதுக்கப்புறம் தான் பெட்டி மேல கை. பெட்டி யார் பேர்ல இருக்குங்கறத பத்திரமா எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போட்டுடுங்க, வீட்டுக்கார அம்மாவையும் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க.